கிராஸ் ஏன் மறுபடியும் போனது: லாரி ஷாஃப்ட் வேலையில் கற்றவை

தாவணகெரே வட்டாரத்திலிருந்து நாமக்கல்லின் கோழித்தீவன ஆலைகளுக்கு மக்காச்சோளம் ஏற்றி வரும் என் பத்துச் சக்கர லாரியில், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு விசையைக் கொண்டுசெல்லும் ஷாஃப்ட் மூன்று துண்டுகளாக இருக்கிறது. குழாய் நீளமாக ஆக, அது வில்போல வளைந்து அதிரத் தொடங்கும் சுழற்சி வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். நீளம் இரு மடங்கானால் அந்த வேகம் நான்கில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் நீளமான சேஸிஸில் ஷாஃப்டைத் துண்டுகளாகப் பிரித்து, இடையில் ஷாஃப்டைத் தாங்கும் இரண்டு சென்டர் பேரிங்குகளைக் குறுக்குச் சட்டங்களில் பொருத்தியிருக்கிறார்கள். துண்டுகள் சேரும் இடங்களிலும் இரு முனைகளிலுமாக மொத்தம் நான்கு கிராஸ்கள், அதாவது சாய்வாகச் சேரும் தண்டுகளை இணைக்கும் கூட்டல்குறி வடிவ இரும்புகள், இருக்கின்றன. கியர்பாக்ஸை ஒட்டியுள்ள முதல் கிராஸ் சாலையோரப் பட்டறை ஒன்றில் ஏற்கெனவே மாற்றப்பட்டது. ஆனால் அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அது மீண்டும் ஆட்டம் கொடுத்தது. ஒழுங்காகக் கிரீஸ் அடிக்கப்படும் கிராஸ் ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டியது. அது இவ்வளவு விரைவில் தேய்ந்தால் தேய்த்த காரணம் வண்டியிலேயே இருக்கிறது என்று பொருள். இரண்டாம் முறை வேலையில் இறங்கியபோது எங்கள் நேரத்தில் பெரும்பகுதி அந்தக் காரணத்தைத் தேடுவதிலேயே சென்றது.

அறிகுறிகள் ஒரே நாளில் வரவில்லை. சுமை இறக்கிய வண்டியை ஆலை வளாகத்துக்குள் மெதுவாக நகர்த்தும்போது, அடியிலிருந்து ஒரு கீச்சொலி முதலில் கேட்டது. பிரேக் லைனிங் உரசினால் ஒலி சக்கரத்தின் சுற்றுக்கு ஒருமுறை வரும்; இதுவோ சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் ஐந்தாறு முறை கேட்டது. என் வண்டியின் பின் அச்சு விகிதம் ஏறத்தாழ 6-க்கு 1 என்பதால், சக்கரம் ஒருமுறை சுற்றும்போது ஷாஃப்ட் ஆறுமுறை சுற்றுகிறது. எனவே ஒலி ஷாஃப்டிலிருந்துதான் வருகிறது என்று அப்போதே ஊகிக்க முடிந்தது. கிராஸின் முனைகளை மூடும் கப்புக்குள் இருக்கும் நீடில்கள் என்ற மெல்லிய உருளைகள் கிரீஸ் இல்லாமல் உலர்ந்துபோனால் எழும் ஒலி இது. வேகம் கூடினால் மற்ற ஓசைகளில் அமுங்கிவிடுவதால், நெடுஞ்சாலையில் ஓட்டுபவர் இதைக் கேட்கவே வாய்ப்பில்லை. பிறகு, கியர் மாற்றிக் கிளட்ச்சை விடும் ஒவ்வொரு முறையும் ‘டக்’ என்ற அடி கேட்கத் தொடங்கியது. கடைசியாகத்தான், சுங்கச்சாவடியில் முழுச் சுமையோடு நின்று கிளம்பும்போது கேபின் முழுவதும் குலுங்கும் நடுக்கம் வந்தது. இரண்டாம் கியரைத் தாண்டியதும் அது மறைந்துவிடும்.

நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு சிறு கணக்கு உதவுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 1,000 மீட்டர். 10.00-20 அளவு டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 3.2 மீட்டர் உருளும் என்று கொண்டால், சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 310 முறையும் ஷாஃப்ட் சுமார் 1,870 முறையும் சுற்றும். அதாவது சக்கரத்தின் குறை நொடிக்கு ஐந்து முறையும், ஷாஃப்டின் குறை நொடிக்கு முப்பது முறையும் உடலில் படும். உடல் மேலும் கீழும் ஆடினால் சக்கரத்தையும் டயரையும் பார்க்க வேண்டும்; கால் வைக்கும் தகடும் பக்கக் கண்ணாடியும் விறுவிறுவென நடுங்கினால் ஷாஃப்டைப் பார்க்க வேண்டும். அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்து ஓட்டிப் பார்ப்பதும் பயன்தரும்: இன்ஜின் சுற்று கூடியும் நடுக்கம் மாறாமல் இருந்தால், கோளாறு கியர்பாக்ஸுக்குப் பின்னால்தான் இருக்கிறது. சிலர் வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டுச் சோதிப்பதுண்டு. சுமை வண்டியில், அதுவும் தொப்பூர் கணவாய் போன்ற இறக்கம் உள்ள தடத்தில், அப்படிச் செய்வதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

அடியில் படுத்துச் சோதிக்கும்போது பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. ஷாஃப்டைக் கையால் பிடித்துத் திருப்பினால் அது சற்று முன்னும் பின்னும் சுழலத்தான் செய்யும். அது பின் அச்சில் உள்ள பல்சக்கரங்களுக்கு இடையேயான இயல்பான இடைவெளி. அதைக் கிராஸ் ஆட்டம் என்று எண்ணி நல்ல கிராஸைக் கழற்றியவர்களும் உண்டு, உண்மையான ஆட்டத்தை அச்சின் இடைவெளி என்று விட்டுவிட்டவர்களும் உண்டு. கிராஸை இருபுறமும் பிடித்திருக்கும் கவை வடிவ யோக்குகள் இரண்டும் சேர்ந்து சுழல்கின்றனவா, ஒன்று அசையும்போது மற்றொன்று நிற்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. இரண்டு யோக்குகளையும் ஒரே நேரத்தில் தொடும்படி விரலை வைத்துக்கொண்டு, மற்றொருவரை ஷாஃப்டைத் திருப்பச் சொன்னால் ஐயம் தீர்ந்துவிடும். பிறகு ஒரு கடப்பாரையை நெம்புகோலாக வைத்து மேலும் கீழும் தூக்கிப் பார்க்க வேண்டும். கப்பின் ஓரத்தில் செம்பழுப்பு நிறத் தூள் படிந்திருந்தால், உள்ளே தண்ணீர் புகுந்து நீடில்கள் துருவேறி அரைபடுகின்றன என்று அறியலாம். அந்தக் கிராஸுக்கு இனி கிரீஸ் அடித்துப் பயனில்லை.

என் வண்டியில் முதல் கிராஸில் ஆட்டம் தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவது கிராஸிலும் சிறிதளவு இருந்தது. பின்னாலிருந்த இரண்டும் நன்றாகவே இருந்தன. முதல் சென்டர் பேரிங்கைச் சுற்றியுள்ள ரப்பர் ஊதிப்போய், விரலால் அழுத்தினால் பிசுபிசுவென ஒட்டியது. பல ஆண்டுகளாக எங்கள் வண்டிகளைப் பார்க்கும் மேஸ்திரி, அடியிலிருந்து வெளியே வந்ததும், “ஏனுங்க, கிராஸ் மாத்தறது அரை நாள் வேலைங்க. அது ஏன் போச்சுன்னு பாக்கறதுக்குத்தான் மீதி நேரம் வேணும். அவசரமா லோடு ஒத்துக்காதீங்க” என்றார். வண்டி நின்றாலும் தவணை நிற்காது என்று அவரிடம் சொல்லலாம். ஆனால் அவர் கேட்கமாட்டார்.

ஷாஃப்டைக் கழற்றுவதற்கு முன் வண்டியை நிறுத்தும் முறையில் எந்தச் சலுகையும் கூடாது. ஷாஃப்ட் இறங்கிவிட்டால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது; கியரில் போட்டு நிறுத்தியிருப்பது எதற்கும் உதவாது. ஏர் பிரேக் உள்ள பெரிய லாரிகளில் பார்க்கிங் பிரேக் பின் சக்கரங்களைப் பிடிப்பதால் ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால் சில சிறிய லாரிகளில் ஹேண்ட் பிரேக்கின் டிரம் கியர்பாக்ஸின் பின்பக்கத்திலேயே அமைந்திருக்கும். அங்கே ஷாஃப்டின் கடைசிப் போல்ட்டைக் கழற்றும் நொடியிலேயே ஹேண்ட் பிரேக் பயனற்றுப் போகிறது. எந்த வண்டியாக இருந்தாலும் சமதளத்தில், சுமை இறக்கிய நிலையில், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்ட பிறகே வேலை தொடங்க வேண்டும். ஷாஃப்ட் துண்டு மார்பின் மீது விழுந்தால் ஒருவரை நசுக்கத் தக்க எடையுள்ளது. கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோ, அடியில் ஜாக்கி கொடுத்தோ இருவராகத்தான் இறக்க வேண்டும். ஒரு முனையை மட்டும் கழற்றிவிட்டு மறுமுனையில் தொங்கவிட்டால், அந்த முனையின் கிராஸும் சீலும் கெடும்.

அடுத்து அடையாளம். போல்ட்டால் இணையும் வட்டத் தகடுகளான ஃபிளேஞ்ச் ஜோடி ஒவ்வொன்றிலும், முன்னும் பின்னும் நழுவும் ஸ்லிப் யோக்கிலும் அதற்குள் நுழையும் பல்வரித் தண்டான ஸ்ப்லைனிலும், கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு சென்டர் பஞ்ச்சால் புள்ளி வைத்தோம். முதல் இணைப்புக்கு ஒரு புள்ளி, அடுத்ததற்கு இரண்டு என்று. சாக்பீஸ் கோடு டீசலில் அழிந்துவிடும், பெயின்ட் கையில் தேய்ந்துவிடும். இந்த அடையாளம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை விளங்கிக்கொள்ள, கிராஸ் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் விவரித்த காலத்திலிருந்தே இந்த இணைப்பில் ஒரு குணம் மாறவில்லை. சாய்வாக இணைந்த இரு தண்டுகளில் முதலாவது சீரான வேகத்தில் சுற்றினாலும், இரண்டாவது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை முந்தியும் இருமுறை பிந்தியும் சுற்றும். சாய்வு 5 பாகையாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் இருபுறமும் அரை சதவீதத்துக்கும் குறைவு. 10 பாகையானால் ஒன்றரை சதவீதம். 15 பாகையானால் மூன்றரை சதவீதம். கோணம் இரட்டிப்பானால் குறை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்பதை இதில் கவனிக்கலாம். முதல் கிராஸ் உண்டாக்கும் இந்த ஏற்ற இறக்கத்தை அடுத்த கிராஸ் நேர்மாறாகத் திருப்பிக் கழித்துவிடும்; ஆனால் இரண்டின் கோணங்களும் சமமாக இருக்க வேண்டும், இடைத் துண்டின் இருமுனை யோக்குகளும் உரிய நேரில் அமைந்திருக்க வேண்டும். ஸ்லிப் யோக்கை ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டாலே அந்த நேர் கெடுகிறது. புதிய கிராஸ், புதிய பேரிங் எல்லாம் போட்டும் நடுக்கம் முன்பைவிட அதிகமாகிவிட்டது என்று புலம்புபவர்களின் வண்டியில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

கிராஸைக் கழற்றும் வேலையில் பொறுமை வேண்டும். வலிமை அவ்வளவாக வேண்டாம். கப் வெளியே வராமல் பிடிக்கும் வளையமான சர்க்ளிப் இருக்கும் பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, முந்தைய இரவே டீசல் விட்டு ஊற வைத்திருந்தோம். நான்கு சர்க்ளிப்களையும் எடுத்த பிறகு, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து ஒரு பக்கக் கப்பை அழுத்தினால் எதிர்ப்பக்கக் கப் வெளியே வரும். பிரஸ் இல்லாத இடத்தில் கப் அமரும் யோக்கின் காதைப் பித்தளைக் கட்டையால் சீராகத் தட்டித் தட்டிக் கப்பை மேலே வரவைக்கும் பழைய முறையும் நல்லதே. செய்யக் கூடாதவை இரண்டு. ஒன்று, வராத கப்புக்காக யோக்கைக் கேஸ் நெருப்பில் சுடுவது. யோக்கின் உலோகம் தன் உறுதியை இழப்பதோடு, கப் அமரும் துளையும் உருமாறும். மற்றொன்று, ஷாஃப்டின் குழாயை வைஸில் நெரித்துப் பிடிப்பதோ அதன் மீது சுத்தியலால் அடிப்பதோ. அந்தக் குழாயின் சுவர் மெல்லியது. சிறு நசுங்கல்கூடச் சமநிலையைக் குலைக்கும். குழாயின் மேல் ஒட்டவைத்த சிறு இரும்புத் துண்டுகள் சமநிலைக்கானவை. அவற்றில் ஒன்று உதிர்ந்து அதன் தடம் மட்டும் தெரிந்தால், ஷாஃப்டைப் பேலன்ஸிங் செய்யும் பட்டறைக்கு அனுப்பாமல் மாட்டக் கூடாது.

கழற்றிய பொருள்களை மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் ஒரு வெள்ளைத் துணியின் மீது வரிசையாக வைத்துப் பார்ப்பது மேஸ்திரியின் வழக்கம். கிராஸின் நான்கு முனைகளையும் விரல் நகத்தால் வருடினால், நீடில்கள் அமர்ந்த இடங்களில் கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று தெரியும். சக்கரத்தின் பேரிங் முழுச் சுற்றுச் சுற்றுவது. கிராஸின் நீடில்களோ, இணைப்பின் கோணம் எத்தனை பாகையோ அந்த அளவுக்கு மட்டும் இங்கும் அங்கும் அசைபவை. எப்போதும் ஒரே இடத்தில் அழுத்தம் விழுவதால் கிரீஸ் பிதுங்கி வெளியேறி, உலோகம் உலோகத்தில் பதிகிறது. கோணம் சுழியமாக இருப்பதும் நல்லதன்று. குறைந்தது அரைப் பாகை முதல் ஒரு பாகை வரை சாய்வு இருந்தால்தான் நீடில்கள் அசைந்து கிரீஸைப் பரப்பும்.

அழுத்தம் எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். இன்ஜினின் முறுக்குவிசை 650 நியூட்டன் மீட்டர், முதல் கியர் அதை ஏழு மடங்காக்குகிறது என்று கொண்டால், ஷாஃப்டில் ஏறத்தாழ 4,500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வருகிறது. மையத்திலிருந்து 50 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் கிராஸ் முனை ஒவ்வொன்றும் அப்போது நான்கரை டன் அளவுக்கு அழுத்தத்தைத் தாங்குகிறது. கிளட்ச்சைத் திடீரென விட்டால் அது இன்னும் கூடும். முனை ஒன்று முறிந்து வெளியே வந்தால் அத்தகைய அதிர்ச்சி விசையையே சந்தேகிக்க வேண்டும். முனையின் நுனிப்பகுதி உராய்ந்து தீய்ந்திருந்தால் கோணம் மிகுதி, அல்லது கிரீஸ் நுனிவரை போகவில்லை. மேற்பரப்பு செதில் செதிலாக உரிந்திருந்தால் தண்ணீரோ மண்ணோ புகுந்திருக்கிறது.

எங்கள் முதல் கிராஸில் பள்ளக்கோடுகளும் தீய்ந்த நுனிகளும் சேர்ந்தே இருந்தன; கிரீஸ் பழைய நிறத்தில் உள்ளேயே இருந்தது. அதாவது கிரீஸ் அடிக்காததால் வந்த தேய்மானம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. கோணம்தான் கெட்டிருக்கிறது. ஊதிப்போன சென்டர் பேரிங் ரப்பரை அளந்தபோது, பேரிங்கின் மையம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. முதல் துண்டின் நீளம் 1,200 மில்லிமீட்டர் என்றால், 20 மில்லிமீட்டர் தாழ்வு முதல் கிராஸின் கோணத்தை ஏறக்குறைய ஒரு பாகை மாற்றுகிறது. அடுத்த துண்டு எதிர்த்திசையில் சாய்வதால், இரண்டாவது கிராஸில் மாற்றம் கிட்டத்தட்ட இரண்டு பாகையாகிறது. ஒன்றையொன்று கழிக்க வேண்டிய கோணங்கள் இப்படிச் சமமற்றுப் போனதும், கிளம்பும்போது பேரிங்கை மேலும் கீழும் உதைக்கும் விசை ஒவ்வொரு சுற்றுக்கும் இருமுறை எழுகிறது. இளகிய ரப்பரால் அதை அடக்க முடியாது. சுங்கச்சாவடியில் வந்த குலுக்கலுக்கு விளக்கம் அதுதான்.

ரப்பர் ஏன் ஊதியது? வெயிலில் காய்ந்த ரப்பர் வெடிக்கும், உதிரும், ஊதி இளகாது. எண்ணெய் பட்டால்தான் அப்படியாகும். கியர்பாக்ஸின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து, சுற்றும் ஃபிளேஞ்ச் அந்த எண்ணெயைச் சிறு துளிகளாகப் பின்னோக்கி வீசியிருக்கிறது. சேஸிஸின் உட்பக்கத்தில் வரிசையாகப் படிந்திருந்த கரிய தூசி அதற்குச் சாட்சி. சீல் தேய்ந்துவிட்டது என்று புதியது போட்டு முடித்திருக்கலாம். மேஸ்திரி ஃபிளேஞ்சைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது நூலளவு ஆடியது. ஃபிளேஞ்சை இறுக்கிப் பிடிக்கும் நட்டு தளர்ந்திருந்தது. ஃபிளேஞ்ச் மையம் தவறிச் சுற்றியதால் சீலின் உதடு ஒருபக்கம் தேய்ந்து, எண்ணெய் கசிந்து, ரப்பர் இளகி, ஷாஃப்ட் தாழ்ந்து, கோணம் கெட்டு, கிராஸ் தேய்ந்திருக்கிறது. முதல் முறை இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டும் மாற்றப்பட்டது. எங்கள் வண்டியில் காரணம் முன்பக்கம் இருந்தது. வேறொரு வண்டியில் பின் அச்சின் யூ-போல்ட் தளர்ந்தோ, ஸ்பிரிங் பட்டையின் நடு போல்ட் உடைந்தோ, பட்டைக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள ஆப்புத் தகடு விடுபட்டோ, பின் அச்சில் ஷாஃப்ட் வந்து சேரும் பல்சக்கரமான பினியனின் முகம் மேலோ கீழோ திரும்பியிருக்கலாம். அங்கே தேய்வது பின்பக்கக் கிராஸாக இருக்கும். எந்தக் கிராஸ் தேய்ந்தது என்பதே எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதற்கு முதல் துப்பு.

உதிரிப்பாகம் வாங்கும்போது பழைய கிராஸைக் கையோடு கொண்டுபோய், கப்பின் வெளிவிட்டத்தையும் எதிரெதிர்க் கப்புகளின் முழு நீளத்தையும் வெர்னியரால் அளந்து ஒப்பிட வேண்டும். கண்ணளவில் ஒன்றாகத் தெரியும் இரு அளவுகள் சந்தையில் அருகருகே கிடைக்கின்றன. புதிய கிராஸோடு பழைய கப்பைக் கலந்து போடக் கூடாது. போலிப் பொருள்களில் கப்பின் சுவர் மெல்லியதாகவும், சீல் ரப்பர் கடினமாகவும் இருப்பதைக் கவனித்திருக்கிறேன். சென்டர் பேரிங்கில் பேரிங் மட்டும் மாற்றி ரப்பரைப் பழையதாக விடுவது சிக்கனம் போலத் தோன்றும்; எண்ணெய் பட்ட ரப்பரில் அந்தச் சிக்கனம் செல்லாது. நாங்கள் பிராக்கெட்டோடு முழுத் தொகுப்பாகவே மாற்றினோம். ஃபிளேஞ்ச் நட்டும், இணைப்புகளில் உள்ள நைலான் வளையம் கொண்ட நட்டுகளும் ஒவ்வொரு முறையும் புதிதாகவே போடப்பட வேண்டும்.

கப்பை ஏற்றும்போது நிகழும் ஒரு சிக்கலுக்குத் தனியாக இடம் கொடுக்க வேண்டும். உள்ளே வரிசையாக நிற்கும் நீடில்களில் ஒன்று சாய்ந்து கப்பின் அடியில் விழுந்துவிட்டால், கப் முழுவதும் இறங்காது. சர்க்ளிப் பள்ளம் பாதி மறைந்தே நிற்கும். அப்போது இன்னும் ஓங்கி அடித்தால் நீடில் நொறுங்கும், கப்பின் அடிப்பகுதி வெடிக்கும். பள்ளம் தெரியவில்லையென்றால் கப்பை வெளியே எடுத்து எண்ணிப் பார்ப்பதே முறை. நீடில்களைக் கெட்டியான கிரீஸில் ஒட்டவைத்து, கிராஸின் முனையைக் கப்புக்குள் நுழைத்துப் பிடித்தபடியே அழுத்தினால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது. சர்க்ளிப்கள் பல தடிமன்களில் கிடைக்கின்றன; இருபுறமும் ஒரே தடிமனில் போட்டு கிராஸை மையத்தில் நிறுத்தி, பக்கவாட்டு ஆட்டம் கைக்குத் தெரியாத அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு யோக்கின் காதில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினால் கப்புகள் சர்க்ளிப்பின் மீது படிந்து, இறுக்கம் விடும். கையால் அசைத்தால் எல்லாத் திசையிலும் ஒரே அளவு எதிர்ப்போடு கிராஸ் அசைய வேண்டும். தன் எடையிலேயே தொபுக்கென்று விழுந்தால் தளர்வு. ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் நீடில் சாய்ந்திருக்கிறது அல்லது யோக்கின் துளை நேராக இல்லை.

கிரீஸ் செலுத்தும் சிறு முனையான நிப்பிள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் மாட்டும்போதே முடிவு செய்துவிட வேண்டும். வண்டியில் ஏற்றிய பிறகு கிரீஸ் கன்னின் முனை நுழையாத கோணத்தில் நிப்பிள் இருந்தால், அந்தக் கிராஸுக்கு இனி யாரும் கிரீஸ் அடிக்கப்போவதில்லை. சட்டத்தின் கீழ் மல்லாந்து படுத்திருக்கும் கிளீனரின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு.

ஷாஃப்டை ஏற்றும்போது பஞ்ச் புள்ளிகளைப் பொருத்தி, ஃபிளேஞ்ச் முகங்களில் பெயின்டோ துருவோ இல்லாமல் எமரிப் பேப்பரால் துடைத்தோம். ஃபிளேஞ்ச் முகத்தில் சிறு மண் துகள் சிக்கினாலும், அதற்குப் பின்னால் வரும் முழு நீளமும் மையம் தவறிச் சுற்றும். கியர்பாக்ஸ் ஃபிளேஞ்சைப் புதிய சீலோடு ஏற்றி, டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்த பிறகே அதன் நட்டை உற்பத்தியாளர் கையேட்டில் தந்திருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்கினோம். ஸ்லிப் யோக்கில் ஸ்ப்லைன் தேய்மானத்தைச் சோதித்து, கிரீஸ் தடவி, அது முழுவதும் உள்ளே போய் முட்டாமலும் வெளியே நழுவாமலும் இரு பக்கமும் இடம் இருப்பதைப் பார்த்துக்கொண்டோம். ஸ்பிரிங் பட்டைகள் சுமையில் அமிழும்போது நீளம் மாறுவது அந்த இடத்தில்தான். சென்டர் பேரிங் பிராக்கெட்டின் போல்ட்டுகளை முதலில் கையிறுக்கமாக விட்டு, ஷாஃப்டைச் சில சுற்றுகள் சுற்றி, ரப்பர் எந்தப் பக்கமும் இழுபடாமல் இயல்பாக அமர்ந்த பிறகு இறுக்கினோம். பழைய பிராக்கெட்டின் கீழ் இருந்த தகடுகளை எண்ணி அதே இடத்தில் வைக்க வேண்டும். அவை உயரத்தைச் சரிசெய்யும் பொருட்டு வைத்தவை, கூடுதல் இரும்பு என்று எறிந்துவிடக் கூடாது.

பிறகு, காந்தத்தோடு ஒட்டிக்கொள்ளும் டிஜிட்டல் கோணமானியை வைத்து, கியர்பாக்ஸ் ஃபிளேஞ்ச், மூன்று குழாய்கள், பினியன் ஃபிளேஞ்ச் ஆகிய ஐந்து இடங்களில் சாய்வை அளந்து சுவரில் எழுதினோம். அடுத்தடுத்த இரண்டு அளவுகளின் வித்தியாசமே அந்தக் கிராஸின் கோணம். காலியாக ஒருமுறையும் சுமையோடு ஒருமுறையும் அளக்க வேண்டும், ஏனெனில் பின்பக்கக் கோணங்கள் சுமையில் மாறும். முன்பக்கத்தில் பெரிதாக மாறக் கூடாது. கைபேசியில் உள்ள கோணச் செயலியும் ஓரளவு பயன்படும். அரைப் பாகை வித்தியாசத்தைத் தேடும் வேலைக்கு, ஒரே இடத்தில் இருமுறை வைத்தால் ஒரே எண்ணைக் காட்டுகிறதா என்று முதலில் சோதித்துவிட்டு நம்பலாம்.

கடைசியாகக் கிரீஸ். புதிய கிராஸுக்குள் இருப்பது பெரும்பாலும் துருப்பிடிக்காமல் காக்கும் அளவுக்கான கிரீஸ் மட்டுமே. அதை நம்பி வண்டியைச் சாலையில் விடக் கூடாது. லித்தியம் வகை, அதிக அழுத்தம் தாங்கும், இரண்டாம் எண் கெட்டிமை கொண்ட கிரீஸை, நான்கு கப்புகளின் சீல்களிலிருந்தும் வெளியே பிதுங்கும்வரை அடித்தோம். மூன்றில் வந்து நான்காவதில் வராவிட்டால் வேலை முடியவில்லை. ஷாஃப்டை அசைத்தபடி மீண்டும் அடிக்க வேண்டும், அப்போதும் வராவிட்டால் அந்தக் கப்பைச் சற்றுத் தளர்த்தி வழிவிட வேண்டும். பழைய கிரீஸைத் தண்ணீரோடு வெளியே தள்ளுவதும் இதே வேலைதான் என்பதால், மழைக்காலத்தில் தேங்கிய நீரில் இறங்கி வந்த வண்டிக்கு வழக்கமான இடைவெளியைப் பார்க்காமல் உடனே அடிக்கிறோம்.

முதல் சுமைப் பயணத்தில் வழியில் நிறுத்தி, சென்டர் பேரிங் கூட்டையும் ஒவ்வொரு கிராஸையும் சுற்றாத நிலையில் கையால் தொட்டுப் பார்க்கும்படி டிரைவரிடம் சொல்லியிருந்தேன். வெதுவெதுப்பு இயல்பு, கை வைக்க முடியாத சூடு இருந்தால் மேற்கொண்டு ஓட்டக் கூடாது. அப்படி வழியில் நின்று இழுத்து வர நேர்ந்தால் ஷாஃப்டைக் கழற்றிவிட்டோ, பின் அச்சின் ஆக்சில்களை உருவிவிட்டோதான் இழுக்க வேண்டும். இன்ஜின் ஓடாமல் சக்கரம் மட்டும் கியர்பாக்ஸைச் சுற்றினால், உள்ளே எண்ணெயை வாரி இறைக்கும் சக்கரங்கள் சுற்றாமல் கியர்பாக்ஸ் வறண்டு கெடும். வண்டி திரும்பியதும் எல்லா ஃபிளேஞ்ச் போல்ட்டுகளையும் பிராக்கெட் போல்ட்டுகளையும் மறுபடி டார்க் ரெஞ்ச்சால் சோதித்தோம். பிராக்கெட்டில் இரண்டு போல்ட்டுகள் சிறிது இடம் கொடுத்தன. ஃபிளேஞ்ச் நட்டும் சீலும் இப்போது ஒவ்வொரு கிரீஸ் வேலையின்போதும் பார்க்கப்படும் பட்டியலில் சேர்ந்திருக்கின்றன.